சில நிமிடத்தில் அணைந்த ஃபர்னஸ்: குளிர்காலத் தயாரிப்பில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இரண்டு தளம் கொண்ட தனி வீடு. கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவனின் தாயார். இளைய பிள்ளைக்கு ஆஸ்துமா. பாட்டி இருப்பது கீழ்த்தளத்தின் மூலை அறையில். காற்றுக்குழாய் போய்ச் சேரும் கடைசி அறை அது. ஆஸ்துமா, மூலை அறை இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் சிக்கலில் பாதி இவற்றிலிருந்துதான் கிளம்பியது.

வீட்டில் வெப்பத்துக்கு எரிவாயுவில் ஓடும் ஃபர்னஸ். குளிர்ச்சிக்குத் தனி இயந்திரம் கிடையாது. ஃபர்னஸின் தலைமேல் ஏசியின் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருள்) உட்கார்ந்திருக்கிறது, வெளி யூனிட் வீட்டின் பக்கவாட்டில் இருக்கிறது. அதாவது இரண்டு பருவத்துக்கும் ஒரே ப்ளோயர் (காற்றைத் தள்ளும் விசிறி), ஒரே ஃபில்டர், ஒரே குழாய்கள். குளிர்காலத்தில் சூடான காற்று, அந்த நேரத்தில் வேலையே இல்லாத ஏசி காயிலைத் தாண்டித்தான் அறைகளுக்குப் போகவேண்டும். இந்த அமைப்பு மிகச் சாதாரணமானது. ஆனால் வீட்டில் இருப்பவர்கள் ஹீட்டர் வேறு, ஏசி வேறு என்றே நினைக்கிறார்கள். சர்வீஸுக்கு வருபவர்களிலும் சிலர் அப்படித்தான் பார்க்கிறார்கள்.

முந்தைய குளிர்காலத்தில் பாட்டியின் அறை சரியாகச் சூடாகவில்லை என்ற புகார் இருந்தது. அடுத்து வந்த கோடையில் ஏசியின் குளிர்ச்சி குறைந்தது, செப்புக் குழாயில் பனி படிந்தது. வந்து பார்த்தவர் ஏசி கேஸ் குறைந்திருக்கிறது என்று சொல்லி நிரப்பிவிட்டுப் போனார். கொஞ்ச நாள் பரவாயில்லாமல் ஓடி, வெயிலும் தணிந்துவிட்டதால் அந்தப் பேச்சு அப்படியே நின்றுபோனது.

முதல் ஓட்டம்

இரவுகள் குளிர ஆரம்பித்ததும் வீட்டார் பழக்கப்படி தயாரிப்பில் இறங்கினார்கள். தெர்மோஸ்டாட்டின் பேட்டரியை மாற்றினார்கள், புது ஃபில்டர் போட்டார்கள், வெளி யூனிட்டைப் பிளாஸ்டிக் உறையால் தரை வரை மூடிக் கட்டினார்கள். பிறகு ஃபர்னஸை ஓடவிட்டார்கள்.

முதலில் லேசான கருகல் வாசனை வந்தது. மாதக்கணக்கில் ஓடாத ஃபர்னஸின் சூடாகும் பாகங்களில் படிந்த தூசி எரிவதால் வரும் வாசனை அது. சிறிது நேரத்தில் போய்விடும், போய்விட்டது. ஆனால் ஃபர்னஸ் சில நிமிடம் எரிந்ததும் பர்னர் அணைந்தது. ப்ளோயர் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரத்தில் தானாகப் பற்றியது, மறுபடி அணைந்தது. சில சுற்றுகளுக்குப் பிறகு மொத்தமாகவே நின்று, கதவின் சிறு கண்ணாடி வழியாக ஒரு விளக்கு மட்டும் விட்டு விட்டு மின்னியது.

"போன வருஷம் நல்லாத்தானே ஓடிச்சு?" என்பதுதான் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி. போன வருடமும் இதே நோய் மெல்ல இருந்திருக்கலாம், வெளியே தெரியும் அளவுக்கு முற்றவில்லை என்பது பின்னால்தான் புரிந்தது.

முதல் வருகையும் ஒரு குறுக்கு வழியும்

முதலில் வந்த மெக்கானிக் ஃபிளேம் சென்சரைக் கழற்றித் துடைத்தார். பர்னருக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கம்பி அது. தீயின் வழியே பாயும் மிகச் சிறிய மின்னோட்டத்தை வைத்து, நெருப்பு எரிகிறது என்று ஃபர்னஸின் கட்டுப்பாட்டு போர்டுக்குச் சொல்கிறது. அதன் மேல் படிவு ஏறினால் நெருப்பு இருந்தும் இல்லை என்று தோன்றி எரிவாயு அடைபடும். பருவத்தின் முதல் சர்வீஸில் அதைத் துடைப்பது நல்ல பழக்கம்தான். ஆனால் இந்த வீட்டின் அறிகுறிக்கு அது பொருந்தவில்லை. சென்சர் கோளாறு என்றால் பர்னர் பற்றிய சில விநாடிகளிலேயே அணைந்துவிடும். பல நிமிடம் நன்றாக எரிந்து, அணைந்து, ப்ளோயர் மட்டும் ஓடினால் சந்தேகப்பட வேண்டியது லிமிட் சுவிட்ச் வேலை செய்வதைத்தான். உள்ளே வெப்பம் எல்லை மீறும்போது எரிவாயுவை நிறுத்தும் பாதுகாப்பு சுவிட்ச் அது. மின்னிய விளக்கின் குறியீடும் அதையே காட்டியது. அட்டவணை கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது.

அவரும் குறியீட்டைப் பார்த்தார். லிமிட் சுவிட்ச் கெட்டுவிட்டது, மாற்றவேண்டும், பாகம் வர நாளாகும் என்றார். அதுவரை வீடு குளிராமல் இருக்க இரண்டு ஒயரையும் நேரடியாக இணைத்துவிடலாம் என்றும் சொன்னார். வீட்டு அம்மா அதற்கு ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டாவதாக ஒருவர் பார்க்கட்டும் என்று எங்களைக் கூப்பிட்டார்கள்.

இந்த நிகழ்வில் எடுக்கப்பட்ட மிக முக்கியமான முடிவு அதுதான் என்று நினைக்கிறேன். அதை எடுத்தவர் தொழில் தெரிந்தவர் இல்லை. லிமிட் சுவிட்சைத் தாண்டி ஒயரை இணைத்தால் ஃபர்னஸ் ஓடும். உள்ளே இருக்கும் அதிக வெப்பம் அப்படியேதான் இருக்கும். எரிந்த வாயுவையும் வீட்டுக் காற்றையும் பிரிப்பது ஹீட் எக்ஸ்சேஞ்சரின் மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. அளவுக்கு மீறிச் சூடாகி விரிவதும் குளிர்ந்து சுருங்குவதுமாக இருந்தால் அதில் விரிசல் விழும். நிறமோ வாசனையோ இல்லாத கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் வர ஒரு வழி திறந்துவிடும். அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும் வாயு. அதற்காகத்தான் அந்தச் சுவிட்ச் அங்கே இருக்கிறது.

அளந்து பார்த்தது

லிமிட் சுவிட்ச் அடிக்கடி வேலை செய்தால் அதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எரிவாயு அதிகமாக எரிகிறது, அல்லது காற்று குறைவாக ஓடுகிறது, அல்லது சுவிட்சே கெட்டிருக்கிறது. முதல் இரண்டையும் அளந்து தள்ளிவைக்காமல் மூன்றாவதற்குப் போவதில்லை என்று முடிவு செய்தோம்.

எரிவாயுச் சோதனை சீக்கிரம் முடிந்தது. வீட்டின் மற்ற எரிவாயுக் கருவிகளை நிறுத்திவிட்டு, மீட்டரின் முள் ஒரு சுற்று வர ஆகும் நேரத்தைக் கணக்கிட்டோம். ஃபர்னஸின் விவரத் தகட்டில் எழுதியிருந்த அளவுக்கு ஒத்துப்போனது. பர்னருக்குப் போகும் அழுத்தமும் சரி.

காற்று விஷயம் வேறு. ஃபர்னஸுக்குள் போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசம் 20 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கவேண்டும் என்று தகடு சொன்னது. நாங்கள் அளந்தபோது 43 வரை ஏறி, சுவிட்ச் அணைத்தது. (வெளிவரும் காற்றை அளக்கும்போது வெப்பமானியை ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு நேர் எதிரே வைக்கக்கூடாது. அதன் கதிர்வீச்சே அளவை ஏற்றிக் காட்டிவிடும். வளைவைத் தாண்டி வைத்தோம்.) ப்ளோயர் தள்ளவேண்டிய மொத்த அழுத்தம் 230 பாஸ்கல். தகட்டின்படி அதிகபட்சம் 125. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

ஆக, சுவிட்ச் தன் வேலையைத்தான் செய்துகொண்டிருந்தது. காற்று எங்கே மாட்டியிருக்கிறது என்பதே மிச்சக் கேள்வி. அதைக் கருவியை வைத்துக் கண்டுபிடித்ததைவிட, உட்கார்ந்து கேட்டுக் கண்டுபிடித்ததே அதிகம்.

கேட்டதில் வெளிவந்தது

முந்தைய ஆண்டின் கோடையில் பாட்டி, ஏசிக் காற்று நேரே மேலே படுகிறது, மூட்டு வலிக்கிறது என்றார். மகன் கீழே போய், அந்த அறைக்குப் போகும் கிளைக்குழாயின் டேம்பரை (காற்றைக் கட்டுப்படுத்தும் மூடுதகட்டை) முக்கால் பங்கு மூடினார். அந்தக் கோடைக்கு அது சரியான தீர்வுதான். பருவம் மாறியபோது திறக்க மறந்தார்கள்.

குளிர்காலம் வந்தது. அறை சூடாகவில்லை. டேம்பர் யாருக்கும் நினைவில் இல்லை. மாடியில் பயன்படாத அறைகளின் வென்ட்டுகளை (காற்று வெளிவரும் வாய்களை) மூடினால் அந்தக் காற்று பாட்டி அறைக்குப் போகும் என்று நினைத்து நான்கை மூடினார்கள். பலரும் செய்வதுதான், எரிவாயு மிச்சமாகும் என்ற எண்ணமும் சேர்ந்துகொள்ளும். நடைமுறையில் அழுத்தம் கூடும், மொத்தக் காற்று குறையும், இணைப்புகளில் கசிவும் அதிகமாகும். பாட்டி அறைக்குப் பெரிதாக எதுவும் போய்ச் சேராது.

அதற்கடுத்த வசந்தத்தில் இளைய பிள்ளைக்கு மூச்சுத்திணறல் அதிகமானது. நல்ல ஃபில்டர் போடுங்கள் என்று யாரோ சொல்ல, பழைய சாதாரண ஃபில்டரை எடுத்துவிட்டு மெர்வ் 13 தரத்தில் ஒன்றை வாங்கிப் போட்டார்கள். மெர்வ் என்பது ஃபில்டரின் தர அளவு; எண் கூடினால் தூசியைப் பிடிக்கும் திறனும் கூடும். நுண்தூசியை நன்றாகப் பிடிக்கும் தரம் அது. ஆனால் ஃபில்டர் நுழையும் இடம் 2.5 சென்டிமீட்டர் அகலம்தான். அவ்வளவு மெல்லிய ஃபில்டரில் மடிப்புகளின் பரப்பு குறைவு, காற்றுக்கு வழி இறுக்கம். அளவும் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு ஓரத்தில் விரல் நுழையும் இடைவெளி இருந்தது. இறுக்கமான ஃபில்டருக்குப் பக்கத்தில் இடைவெளி இருந்தால் காற்று எந்த வழியாகப் போகும் என்று சொல்லவேண்டியதில்லை. கோடை முழுவதும் வடிகட்டாத காற்று அந்த ஓரமாகப் போய், ஏசி ஓடும்போது ஈரமாக இருக்கும் காயிலில் தூசியை அப்பியிருக்கிறது.

காயில் பெட்டியின் பலகையைக் கழற்றிக் கேமராவால் அடிப்பக்கத்தைப் பார்த்தோம். கம்பளி விரித்ததுபோலச் சாம்பல் நிறத்தில் ஒரு படலம், தகடுகளின் இடைவெளியில் பாதிக்கு மேல் அடைத்திருந்தது. மேலிருந்து பார்த்தால் காயில் பளிச்சென்று இருந்தது, அதனால்தான் கோடையில் வந்தவர் கவனிக்கவில்லை போலும். குழாயில் பனி படிந்ததற்கும் இதுவே போதுமான காரணம். காற்று குறைந்தால் காயில் அளவுக்கு மேல் குளிர்ந்து உறைந்துவிடும். அங்கே கேஸ் நிரப்பியது நோயைத் தொடவில்லை.

எடுத்த முடிவுகள், காரணங்கள்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டால் எது எவ்வளவு காரணம் என்று தெரியாமலே போய்விடும். அதனால் ஒவ்வொன்றாகச் செய்து, ஒவ்வொரு முறையும் அளந்தோம். மூடியிருந்த நான்கு வென்ட்டுகளையும் டேம்பரையும் திறந்ததும் அழுத்தம் 205 பாஸ்கல் ஆனது. ஃபில்டரை மாற்றி, சரியான அளவில் மெர்வ் 8 போட்டதும் 170. வெப்ப வித்தியாசம் 35 டிகிரிக்கு இறங்கியது. ஃபர்னஸ் அணையாமல் ஓடியது.

இந்த இடத்தில் வீட்டுக்காரர் கேட்டது நியாயமான கேள்வி. "இப்பதான் நிக்காம ஓடுதே, இதோட விட்டா என்ன?" காயிலை முறையாகச் சுத்தம் செய்ய அரைநாள் வேலை, செலவும் உண்டு. நாங்கள் சொன்ன பதில் இது: 35 என்பது எல்லைக்கோடு. இப்போது புது ஃபில்டர்; அதில் தூசி சேரச் சேர காற்று குறையும், எல்லை தாண்டும். அது நடக்கப்போவது ஃபர்னஸ் இடைவிடாமல் ஓடும் நடுக்குளிரில். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். சுத்தம் செய்தபின் அழுத்தம் 120 பாஸ்கல், வெப்ப வித்தியாசம் 29 டிகிரி.

ஃபில்டர் விஷயத்தில்தான் உண்மையான இழுபறி. பிள்ளையின் மூச்சுக்காக வாங்கியதை எடுத்துவிட்டுத் தரம் குறைந்ததைப் போடுகிறீர்களே என்று தாய் வருத்தப்பட்டார். அவர் சொல்வதில் தவறில்லை. மெர்வ் 13 கேட்டது சரி, அதை 2.5 சென்டிமீட்டர் இடத்தில் திணித்ததுதான் சிக்கல். 10 சென்டிமீட்டர் தடிமனுள்ள ஃபில்டருக்கான பெட்டியை ரிட்டர்ன் குழாயில் (அறைகளிலிருந்து ஃபர்னஸுக்குக் காற்று திரும்பும் குழாயில்) வைத்தால் அதே தரத்தை மிகக் குறைந்த தடையோடு பெறலாம். மடிப்புகளின் பரப்பு அவ்வளவு கூடுதல். அதற்குத் தகடு வேலை தேவைப்பட்டதால் பிறகு செய்வதென்றும், அதுவரை பிள்ளையின் அறையில் தனியாக ஒரு காற்றுச் சுத்திகரிப்பான் வைப்பதென்றும் முடிவானது.

ஃபர்னஸ் பலமுறை சூடேறி அணைந்திருந்ததால் ஹீட் எக்ஸ்சேஞ்சரைக் கேமராவால் பார்த்தோம். விரிசல் தென்படவில்லை. ப்ளோயர் ஓடத் தொடங்கும் கணத்தில் தீ அசைகிறதா என்று கவனித்தோம், அசையவில்லை. அறைகளுக்குப் போகும் காற்றில் கார்பன் மோனாக்சைடு பூஜ்யம். கேமராவுக்கு எட்டாத மூலைகள் எப்போதும் உண்டு என்பதையும் வீட்டாரிடம் சொன்னோம். வீட்டில் இருந்த ஒரே கார்பன் மோனாக்சைடு அலாரம் சமையலறையில், பின்பக்கம் அச்சிட்டிருந்த காலாவதித் தேதி தாண்டியிருந்தது. பொத்தானை அழுத்தினால் கத்தியது. அந்தச் சத்தம் பேட்டரியும் ஒலிப்பானும் வேலை செய்கின்றன என்பதை மட்டுமே சொல்கிறது. சென்சருக்கு உயிர் இருக்கிறதா என்று சொல்வதில்லை. படுக்கையறைகளுக்கு வெளியே ஒன்று, பாட்டி அறைக்குப் பக்கத்தில் ஒன்று என்று புதிதாக இரண்டு வைக்கப்பட்டன.

லிமிட் சுவிட்சை மாற்றவில்லை. ரிட்டர்ன் காற்றை வேண்டுமென்றே அடைத்து, அது சரியான வெப்பத்தில் அணைக்கிறதா என்று சோதித்தோம். அணைத்தது.

வேறு யாரும் கேட்காத ஒரு விஷயம் வடிகால். இது புகைவாயுவிலிருந்தும் வெப்பத்தைப் பிழிந்தெடுக்கும் வகை ஃபர்னஸ். ஓடும்போது நீர் சொட்டும். அந்த நீரும் கோடையில் ஏசியின் நீரும் ஒரே குழாயில்தான் வெளியேறுகின்றன. கோடையின் பாசி அதில் பாதி அடைத்திருந்தது. அப்படியே விட்டிருந்தால், கடுங்குளிரில் நீர் பின்னேறி ஃபர்னஸ் பற்றவே மறுத்திருக்கும். குழாயையும் அதன் வளைவையும் கழுவி, வளைவில் நீர் நிரப்பி வைத்தோம்.

ஏசி கேஸ் அளவைத் தொடவில்லை. கோடையில் தேவையில்லாமல் நிரப்பியிருந்தால் இப்போது அதிகமாக இருக்கவேண்டும் என்பது தெரிந்ததுதான். ஆனால் வெளியே குளிராக இருக்கும்போது எடுக்கும் அளவீடு நம்பத்தக்கதில்லை, கம்ப்ரஸருக்கும் நல்லதில்லை. வெயில் வரட்டும் என்று குறித்துவைத்தோம். வெளி யூனிட்டைச் சுற்றிக் கட்டியிருந்த பிளாஸ்டிக்கை அவிழ்த்து, மேலிருந்து எதுவும் உள்ளே விழாமல் தடுக்க மேற்பக்கம் மட்டும் ஒரு பலகை வைக்கச் சொன்னோம். முழுதாக மூடினால் ஈரம் உள்ளேயே தங்கி உலோகம் அரிக்கும், எலியும் குடிவந்து ஒயரைக் கடிக்கும்.

அதற்குப் பின்

அந்தக் குளிர்காலத்தில் ஃபர்னஸ் ஒருமுறை நின்றது. வீட்டுக்காரர் பதறாமல் விளக்கு மின்னுவதை எண்ணி, கதவு அட்டவணையோடு ஒப்பிட்டு, இது பழைய குறியீடு இல்லை என்று தொலைபேசியில் சொன்னார். பிரஷர் சுவிட்சுக்கான குறியீடு; எரிவதற்கான காற்றும் புகையும் தடையில்லாமல் போகிறதா என்று பார்க்கும் சுவிட்ச் அது. வெளியே சுவரில் காற்றை உள்ளிழுக்கும் குழாயின் வாயைப் பார்க்கச் சொன்னோம். காய்ந்த இலைகள் வலையில் அப்பியிருந்தன. எடுத்ததும் ஓடியது.

பாட்டியின் அறை முன்பு கூடத்தைவிட 4, 5 டிகிரி குறைவாக இருந்தது. டேம்பரைத் திறந்தபின் 2 டிகிரிக்குள் வந்தது. முழுச் சமம் வரவில்லை. இரண்டு பக்கம் வெளிச்சுவர், பழைய ஜன்னல். அதன் இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டினார்கள், கொஞ்சம் தேறியது. அதுவரை வைத்திருந்த சின்ன மின் ஹீட்டரைப் பாட்டி அறையைவிட்டு எடுக்க விடவில்லை. தூங்கும்போது போடுவதில்லை என்ற உறுதியோடு வீட்டார் விட்டுவிட்டார்கள்.

தடித்த ஃபில்டருக்கான பெட்டி குளிர் முடிந்ததும் பொருத்தப்பட்டது. மெர்வ் 13 திரும்பி வந்தது, அழுத்தம் 125-ஐத் தாண்டவில்லை. வெயில் வந்தபின் ஏசியை அளந்ததில் கேஸ் அதிகமாகவே இருந்தது. கூடுதலை எடுத்தோம். பனி மறுபடி படியவில்லை.

மாற்றவேண்டியவை

டேம்பரின் கைப்பிடியில் இப்போது இரண்டு நிறத்தில் கோடுகள் இருக்கின்றன: ஒன்று கோடைக்கு, ஒன்று குளிருக்கு. ஃபர்னஸ் கதவின் உள்ளே அழுத்தமும் வெப்ப வித்தியாசமும் தேதியோடு எழுதி ஒட்டப்பட்டுள்ளன. அடுத்து யார் வந்தாலும் முதலில் அந்த இரண்டு எண்ணையும் அளந்து ஒப்பிடலாம். இந்த ஒரு சீட்டு முந்தைய வருடம் இருந்திருந்தால் கோடையிலேயே காயில் அடைப்பு பிடிபட்டிருக்கும்.

எங்கள் வேலைமுறையிலும் ஒன்று மாறியது. குளிருக்கான சர்வீஸ் என்று அழைத்தாலும், கடந்த கோடையில் ஏசி எப்படி ஓடியது, யாராவது எதையாவது மூடினார்களா, ஃபில்டர் வகை மாறியதா என்று கேட்ட பிறகே பெட்டியைத் திறக்கிறோம். வீட்டார் இதையெல்லாம் மறைப்பதில்லை. ஹீட்டருக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துச் சொல்லாமல் விடுகிறார்கள், அவ்வளவுதான்.

சோதனையின் நேரத்தையும் முன்னுக்குத் தள்ளச் சொல்கிறோம். முதல் குளிர் இரவு வரை காத்திருக்காமல், வெயில் இன்னும் மிச்சமிருக்கும் கடைசி வாரங்களில் வந்தால் ஒரே வருகையில் ஏசி கேஸையும் அளக்கலாம், ஃபர்னஸையும் ஓடவிட்டுப் பார்க்கலாம். பாகம் எதுவும் தேவைப்பட்டால் வந்துசேர அவகாசமும் இருக்கும். அந்த வீட்டார் அடுத்த சோதனைக்கு அப்படியொரு நாளைத்தான் கேட்டு வாங்கியிருக்கிறார்கள்.